முதல் நெரை

தலவாக்கலை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் மஃறூபின் மின்சாமான் கடை வரும். கீழே வயர், பல்பு, ரைஸ் குக்கர் விற்கிறார்கள். மேல்மாடியில் இன்டர்நெட் விற்கிறார்கள். மலை உச்சிகளில் கோபுரம் நிறுத்தி, தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயங்களின் கூரைகளில் சின்ன அன்டெனா பூட்டி, சுற்றியுள்ள தோட்டங்களுக்கு இணைப்புக் கொடுப்பதுதான் அந்த வியாபாரம். பதிவில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் கல்லாவில் இருப்பது மஃறூபின் மனைவி ரஸீனா என்பதால் தோட்டத்துச் சனம் அதை 'ரஸீனா நெட்' என்றே சொல்லும். "ரஸீனா இன்னைக்கி ரொம்ப ஸ்லோவா இருக்குங்க" என்று யாராவது போன் பண்ணினால், "எனக்கு முழங்கால் வலி மகன், அதுதான்" என்று அவர் பதில் சொல்லுவார்.

மேல்மாடியில் வேலை செய்வது வினோதா. பெல்மூர் தோட்டத்து மேற்பிரிவில் பிறந்தவள். அப்பா இல்லை. அம்மா நாகலெட்சுமி இன்றும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் வினோதாதான். படித்தது கணினி விஞ்ஞானம். முதல் வருடத்தில் வரிசை என்று பொருள்படும் 'கியூ' என்ற ஆங்கிலச் சொல்லைப் புத்தகத்தில் பார்த்து 'குவே' என்று வகுப்பில் வாய்விட்டுப் படித்துவிட்டாள். அன்றைய சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் கூடப் படித்தவர்கள் கொழும்பில் வேலை பிடித்தார்கள். அவள் கொஞ்ச நாளைக்கு என்று வீட்டுக்கு வந்தாள், மஃறூபிடம் சேர்ந்தாள், அப்படியே இருந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் அம்மா தனி என்பாள். சிநேகிதிகளிடம் இங்கே எல்லாவற்றையும் நானே பார்க்கலாம் என்பாள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறபோது தன்னிடமே அதைக் கேட்டால் இரண்டும் போதவில்லை என்று தோன்றும்.

அந்த வருடம் ரமழான் நோன்புக்கு முந்திய வாரங்களில்தான் கரைச்சல் தொடங்கியது. மாலையானால் போன் ஓயாது. பேச்சு வெட்டுது, படம் நிக்குது, டீச்சர் ஏசுறாங்க என்று ஆளுக்கொரு முறைப்பாடு. சிக்னல் குறைவு என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். கோபுரம் ஏறுகிற கிஷாந்த் மழையிலும் பனியிலும் ஏறி இறங்கி அன்டெனாக்களைத் திருப்பினான், மாற்றினான். ஒன்றும் சரிவரவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கைபேசி டேட்டாவுக்குப் போகத் தொடங்கினார்கள்.

ஒருநாள் மஃறூப் படியேறி மேலே வந்தார். அவர் மேலே வருவதே அருமை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ள, ஒளிச்சுப் பேசி என்னத்துக்கு. கொழும்புல ஒரு கம்பெனி கேட்டுட்டு ஈக்கிறாங்க. டவர், கஸ்டமர், எல்லாத்தையும் அப்படியே எடுப்பாங்க."

"அப்ப இந்த மேல்மாடி?"

"எல்லாம் அங்க இருந்தே பாத்துக்குவாங்களாம். கிஷாந்த வச்சுக்குவாங்க. டவர் ஏற ஆள் வேணுமே."

"அப்ப என் கதி, நானா?" மஃறூபை அண்ணன் என்ற பொருளில் அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

மஃறூப் தாடியைத் தடவினார். "கேட்டுப் பாத்தேன். கொழும்புல அவங்களுக்கு ஆக்கள் ஈக்காம். நான் ஒங்கள அனுப்ப ஆசப்பட்டு செல்லல்ல புள்ள. ஆனா சனம் ஏசுறத எனக்குக் கேக்கேலாது. நோன்பு தொடங்க முந்தி அவங்களுக்கு ஒரு முடிவு செல்லணும். அதுக்குள்ள நீங்க சரியாக்கினா நான் விக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அவர் இறங்கிப் போனபின் வினோதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்பது புரிந்தது. ஊரை விட்டுப் போகவேண்டி வரும் என்பதும் புரிந்தது.

மறுநாள் போன் செய்தது அம்மாக்கண்ணு. பெல்மூரில் வினோதாவின் லயத்துக்கு அடுத்த லயம். கணவன் சோலைமலை கட்டாரில் ஒரு கம்பெனிச் சமையலறையில் இருக்கிறார்.

"ஏ புள்ள வினோதா, ஒங்க ரஸீனா எனக்குன்னு வந்து சேந்துச்சு பாரு. அவரு திட்டுறது எல்லாம் எனக்கு அப்பிடியே கேக்குது. நான் திருப்பித் திட்டுறது மட்டும் அவருக்குப் போக மாட்டேங்குது. 'என்னா சொன்ன, என்னா சொன்ன'ன்னு கேக்குறாரு. ஒரே திட்ட எத்தன தடவதான் திட்டுறது? கோவமே ஆறிப் போயிருது."

வினோதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, அவரு பேசுறது ஒங்களுக்குச் சுத்தமா கேக்குதா? வெட்டாம?"

"அது ஏன் வெட்டப் போவுது. அதெல்லாம் நல்லாத்தான் கேக்குது."

சிக்னல் குறைவு என்றால் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். வினோதா முறைப்பாடு சொன்ன வேறு சிலரையும் கூப்பிட்டுக் கேட்டாள். டீச்சர் பேசுவது கேட்கிறது, பிள்ளை பதில் சொன்னால் டீச்சருக்குக் கேட்பதில்லை. அண்ணன் பேசுவது கேட்கிறது, நாங்கள் பேசினால் கேட்பதில்லை. எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். தோட்டத்திலிருந்து வெளியே போகிற பேச்சு மட்டும் எங்கேயோ விழுந்துபோகிறது.

எல்லாக் கோபுரங்களும் வந்து சேருகிற இடம் மேல்மாடி மூலையில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அது ஒரு கணினிதான். வெளியிலிருந்து வருவதற்கு அதில் ஒரு நெட்வேர்க் கார்ட், தோட்டங்களிலிருந்து வருவதற்கு இன்னொன்று. பேச்சு, படம், பாடம் எல்லாமே பாக்கெட் எனப்படும் சின்னத் துண்டுகளாகத்தான் வந்து சேரும். வருகிறவற்றை வாங்கி வைக்கத் தோட்டப்பக்கக் கார்டில் நாலு வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையையும் கவனிக்கக் கணினியின் செயலியில் 'கோர்' எனப்படும் ஒரு கூறு இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை மாதிரி. வினோதா இதைக் கிஷாந்துக்கு விளக்கியபோது அவன் வாயிலிருந்த பணிஸை மென்று முடித்துவிட்டுச் சொன்னான்:

"அதாவது நாலு நெரை. அப்பிடிச் சொன்னா வெளங்குமே. அதுக்கு ஏன் கியூ, குவேன்னுகிட்டு."

"குவேன்னு யாருடா சொன்னது ஒனக்கு?"

"நீதான் ஒருநாள் சொல்லிச் சிரிச்ச."

கொழுந்து மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு நிரையைக் கங்காணி பிடித்துக் கொடுப்பார். லயத்துப் பேச்சில் அது நெரை. கிஷாந்த் வைத்த பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. வினோதா எழுதும் நிரல்களுக்குள்ளும் வரிசைக்கு 'நெரை' என்றே பெயர் வைத்தாள்.

அன்று மாலை போன்கள் அலறத் தொடங்கியதும் நாலு நெரையின் கணக்கையும் திரையில் போட்டுப் பார்த்தாள். முதல் நெரையின் எண் நிற்காமல் ஓடியது. மற்ற மூன்றும் அசையவே இல்லை. மூன்று கோர்கள் கைகட்டி நிற்க, ஒன்று மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது வாங்கி முடிக்க முடியாததெல்லாம் கீழே விழுந்தது. அம்மாக்கண்ணுவின் திட்டும் அதில்தான் விழுந்திருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு முழுநாள் படிக்க வேண்டியிருந்தது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் விலாசங்களைக் கார்ட் பார்க்கும். அதை வைத்து ஒரு கணக்குப் போட்டு, விடைக்கேற்ப நெரையைத் தெரிவுசெய்யும். ஒரே உரையாடலின் பாக்கெட்டுகளுக்கு விலாசமும் ஒன்று என்பதால் அவை எப்போதும் ஒரே நெரைக்குத்தான் போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை வினோதா படித்தாள். படித்ததோடு சரி. அவள் கண் அடுத்த பத்திக்குத் தாவிவிட்டது, ஏனென்றால் நோய் அங்கேதான் இருந்தது. ரஸீனா நெட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக வீட்டிலிருந்து வரும் பாக்கெட்டுகள் எல்லாம் மேலே இன்னொரு உறை போட்டுக்கொண்டு வரும். விலாசம் உள்ளே இருக்கும். இந்தக் கார்டுக்கு அந்த உறையைப் பிரிக்கத் தெரியாது. தெரியாததற்கெல்லாம் அது பூச்சியம் என்று விடை போடும். பூச்சியம் என்றால் முதல் நெரை.

"நம்ம லயம் மாதிரி" என்றான் கிஷாந்த். "கதவு நம்பர் கெடையாது. தோட்டத்துப் பேர எழுதுனா எல்லாம் ஆப்பீஸுக்குத்தான் போகும்."

"அதே கததான்."

"சரி, இப்ப யாருல தப்பு?"

"கார்டுல பாதி. டிரைவர்ல பாதி இருக்கும்னு நெனக்கிறேன்."

"டிரைவருன்னா மாத்திறலாம். நம்ம வேன் டிரைவரயும் சேத்து மாத்துனா நல்லது."

கார்டை இயக்கும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர் என்பதை அவள் மறுபடி விளக்கப் போகவில்லை. அது அவனுக்கும் தெரியும்.

கார்ட் செய்யாததைக் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் தானே செய்ய ஒரு வழி இருக்கிறது. உறையைப் பிரித்து, விலாசத்தைப் பார்த்து, கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். வினோதா அதை இயக்கிப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. இணைய மன்றத்தில் கேட்டாள். எங்களுக்கு வேலை செய்கிறதே என்றார்கள் இரண்டு பேர். ஆனால் அவர்களிடம் இருந்தது வேறு கார்ட். புதுக் கார்ட் எடுக்கலாமா என்று மஃறூபிடம் கேட்டதற்கு, "விக்கப் போற மாட்டுக்கு லாடம் அடிக்கவா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. வினோதா டிரைவரிலேயே கை வைத்தாள்.

உயர்தரம் படித்த காலத்தில் விடுமுறைகளில் அவளும் அம்மாவோடு மலைக்குப் போயிருக்கிறாள். கங்காணி ஆளுக்கொரு நெரையாக வரிசையாய்க் கொடுத்துக்கொண்டே போவார். நெரையை முடித்தவள், பின்தங்கியவளின் நெரைக்குள் எதிர்ப்பக்கமாக இறங்கிக் கைகொடுப்பாள். யாரும் சும்மா நிற்கக்கூடாது, ஒருத்திக்கு மட்டும் சுமை கூடக்கூடாது. அதுதான் முறை. அதை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்தது. டிரைவரிலும் அவள் அதையே எழுதினாள். வந்த பாக்கெட் முதலாவது கோருக்கு, அடுத்தது இரண்டாவதுக்கு, அடுத்தது மூன்றாவதுக்கு. ஒன்றுக்கு வேலை கூடினால் பக்கத்தில் சும்மா நிற்பது எடுத்துக்கொள்ளும். எழுதும்போது ஒரு இடத்தில்கூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

மாலையில் ஏற்றினாள். திரையில் நாலு கோர்களின் வேலையைக் காட்டும் கோடுகளும் ஒரே உயரத்தில் எழுந்து நின்றன. கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி சமம். விழுந்துபோன பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அப்படியே நின்றது. வினோதா எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே கத்தினாள்.

"நானா! மேல வாங்க!"

மஃறூப் வந்தார். கோடுகளைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். இதானே வேணும்" என்றார். கொழும்புக் கம்பெனிக்கு எடுக்கவிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதல் போன் அம்மாக்கண்ணுவுடையது.

"புள்ள, நீ என்னா செஞ்ச?"

"இப்ப நல்லா இருக்கா அக்கா?"

"நல்லாவா? முன்னாடி பாதியாவது போச்சு. இப்ப நான் டின்னுக்குள்ள தலய விட்டுக்கிட்டுப் பேசுறேனாம். கரகரங்குதாம். 'நீ அம்மாக்கண்ணுதானா'ன்னு கேக்குறாரு மனுசன். வேற யாருன்னு நெனச்சாரோ!"

அதன்பின் போன் ஓயவில்லை. எதுவும் விழவில்லை, ஆனால் எல்லாமே முன்னையைவிட மோசம். கோப்பு அனுப்புகிறவர்களுக்கு வேகம் பாதியாகிவிட்டதாம். வினோதா சமமாய் நிற்கும் நாலு கோடுகளைப் பார்த்தாள். அவை அழகாகத்தான் இருந்தன.

மஃறூப் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முந்தி இருந்த மாதிரியே ஆக்கிருங்க புள்ள. அப்படியே அவங்களுக்குக் குடுத்துருவோம். திங்கக்கிழம ஒரு ஆள் பாக்க வருது" என்றார். இறங்கும்போது படியில் நின்று, "நீங்க நல்லாத்தான் ட்ரை பண்ணினீங்க" என்றும் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பழைய டிரைவரைப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். கொழும்பில், ராஜகிரியவில் இருக்கும் சிநேகிதி அனுப்பிய செய்தி ஒன்று கைபேசியில் இருந்தது: எங்க டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க, அனுப்பவா உன் பேர? வினோதா பதில் எழுதத் தொடங்கி அழித்தாள். அங்கே ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் வாசித்துத் திருத்துவார்களாம். சிநேகிதி குறையாகச் சொன்னது அது. இங்கே தான் எழுதுவதை வாசிக்க ஆளில்லை. இன்றைக்குச் செய்த பிழையைக்கூட அம்மாக்கண்ணு அக்காதான் பிடித்தார். இவ்வளவு நாளும் இங்கே இருந்தது ஊர்ப்பாசமா, அல்லது தன்னைச் சோதிக்க ஆளில்லாத இடம் என்பதாலா? கேள்வி வந்ததும் முகம் சூடானது. பஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா ஆயி, மொகம் இப்பிடி இருக்கு? ரஸீனா ஏசுனாங்களா?"

"இல்லம்மா. ஒரு வேல பிழச்சிருச்சு."

"பிழச்சா திருப்பிச் செய்யி. மொதல்ல சாப்புடு."

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மகள் ரஸீனா கடையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள் என்பதுதான். வினோதா சாப்பிட்டாள். எங்கே பிழை போனது என்று தனக்கே தெரியாமல் திங்கட்கிழமை அந்த ஆளின் முன்னால் நிற்கப் போவதில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டாரில் விடுமுறை. ஜும்ஆ தொழுகைக்குக் கடை பூட்டுகிற நேரம் நெட்டிலும் ஆள் குறைவு. மஃறூபிடம் சொல்லிவிட்டு, மடிக்கணினியோடு அம்மாக்கண்ணுவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். மேல்மாடியில் கிஷாந்த். பிழையாய்ப் போன அந்த டிரைவரை மறுபடி ஏற்ற வேண்டிய கட்டளையை அவனிடம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"நான் ஏறத்தான் தெரிஞ்சவன், தட்டத் தெரியாதவன்" என்றான் போனில். "எதாச்சும் வெடிச்சா நான் பொறுப்பில்ல."

"வெடிக்காது. தட்டு."

அம்மாக்கண்ணு சோலைமலைக்கு அழைப்பெடுத்தார். "புள்ள நம்ம லைன சோதிக்குதாம். நான் கொஞ்சம் திட்டணுமாம்" என்றார்.

"திட்டுறதுக்கு ஒனக்கு ஆள் வேற சொல்லித் தரணுமா?" என்றது கட்டார்.

"சும்மா திட்டச் சொன்னா எப்பிடி புள்ள வரும்? ஒரு காரணம் வேணாமா?" என்று வினோதாவிடம் திரும்பிய அம்மாக்கண்ணுவுக்கு, காரணம் உடனே கிடைத்துவிட்டது. போன தீபாவளிக்குச் சோலைமலை தன் தங்கைக்கு மட்டும் போன் பண்ணிய விஷயம். வினோதா காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக, வீட்டிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்தாள். அதே நேரத்தில் மேல்மாடிப் பெட்டியை விட்டு வெளியே போகும் பாக்கெட்டுகளும் பதிவாகிக்கொண்டிருந்தன.

கடைக்குத் திரும்பி இரண்டு பதிவையும் அருகருகே வைத்தாள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெட்டியை விட்டுப் போகும்போது ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. கொஞ்சம் தள்ளி ஏழு, எட்டு, ஐந்து, ஆறு. எல்லாமே இருக்கின்றன. ஒன்றும் விழவில்லை. ஆனால் நாலு கோர்களும் ஒரே வேகத்தில் முடிப்பதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பிந்தி வருகிற துண்டுக்காகச் சோலைமலையின் போன் ஒரு நொடிகூடக் காத்திருக்காது. தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டையோடு பேச்சை ஒட்டிவிடும். அதுதான் டின் சத்தம்.

வினோதா கதிரையில் சாய்ந்தாள். கொழுந்தை எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் கூடையில் போய்ச் சேருவது ஒன்றுதான். எந்தச் செடி முந்தி, எது பிந்தி என்று தராசில் யாரும் கேட்பதில்லை. பேச்சு அப்படியில்லை. ஒரு பேச்சை ஒரே ஆள்தான் கடைசிவரை எடுத்துக்கொண்டு போக வேண்டும், பக்கத்தில் இருப்பவன் சும்மா நின்றாலும் சரி. படித்துவிட்டுத் தாண்டிப்போன அந்த வாக்கியம் இப்போதுதான் விளங்கியது. அவள் அதைக் கவனிக்காமல் விட்டது சோம்பலால் இல்லை. நெரை என்று பெயர் வைத்ததும் நெரையின் நியாயமும் சேர்ந்து வந்துவிட்டது.

அப்படியென்றால் லினக்ஸ் தானாகச் செய்யும் பகிர்வுதான் சரி. அது உரையாடல் உரையாடலாகத்தான் பிரிக்கும். பிறகு ஏன் அது அசையவில்லை? இந்த முறை அவள் எதையும் எழுதவில்லை. டிரைவரைத் திறந்து, பாக்கெட் உள்ளே வரும் இடத்திலிருந்து, இங்கே ஓடுகிற வழியை ஒரு வரியும் விடாமல் வாசித்தாள். சத்தமாக வாசித்தாள். பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்த கிஷாந்த், "தேவாரம் மாதிரி இருக்கு" என்றான்.

பிழை இருந்தது ஒரே வரியில். ஒவ்வொரு பாக்கெட்டோடும் கார்ட் இரண்டு விஷயங்களைக் கொடுக்கிறது. ஒன்று கணக்கின் விடை. மற்றது, நான் விலாசத்தைப் பார்த்தேனா இல்லையா என்ற குறி. டிரைவர் குறியைப் பார்ப்பதே இல்லை. விடை எதுவானாலும் 'விலாசம் முழுதாகப் பார்த்தாயிற்று' என்று முத்திரை குத்தி லினக்ஸிடம் தள்ளிவிடுகிறது. லினக்ஸ் முத்திரையை நம்புகிறது, உறையைப் பிரிப்பதில்லை. விடையோ பூச்சியம். பூச்சியத்தை வைத்து எப்படிப் பகிர்வது? வந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது.

தான் எழுதிய பகிர்வை முழுதாக எடுத்தெறிந்தாள். அந்த ஒரு வரிக்கு முன்னால் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: குறி இருந்தால் மட்டும் முத்திரை.

சனிக்கிழமை மாலை கோடுகள் எழுந்தன. ஒன்று உயரம், ஒன்று குட்டை, மற்ற இரண்டும் இடையில் ஏறியும் இறங்கியும். கிஷாந்த் எட்டிப் பார்த்தான்.

"என்னா இது, சமமாவே இல்லயே?"

"சமமா இருக்கத் தேவயில்ல."

"இத மொதலாளிகிட்ட நீயே சொல்லு."

போன் வரவில்லை. அவள் காத்திருந்தாள். கைபேசியை எடுத்துப் பார்த்தாள், வேலை செய்கிறதா என்று. கீழேயிருந்து ரஸீனாவின் குரல் வந்தது. "வினோதா! இண்டைக்கி ஏன் ஒருத்தரும் ஏசல்ல? போன் கட்டா?"

மஃறூபைக் கூப்பிட்டபோது அவர் திரையைப் பார்க்க மறுத்தார். "அண்டைக்கும் கோடு காட்டினீங்க. கோடு எனக்கு வேணாம்." அவரே கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டார். நானுஓயாப் பக்கம் ஒருவர், பெல்மூரில் இருவர். அம்மாக்கண்ணு சொன்னதைக் கடையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள், ஸ்பீக்கரில் போட்டிருந்ததால்: "நல்லாப் போகுதுங்க மொதலாளி. அவருதான் இப்ப எடுக்க மாட்டேங்குறாரு." ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நாள், மஃறூப் மறுபடி அதையே செய்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் போகும்போது சரி என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வந்த ஆள் வினோதாவின் வயதுக்காரன். திலங்க என்று பெயர். கம்பெனியின் பொறியியலாளர். குளிருக்குப் பழக்கமில்லாமல் கையை உரசிக்கொண்டே மேல்மாடிக்கு வந்தான். என்ன பிரச்சினை இருந்தது, எப்படித் தீர்ந்தது என்று சிங்களத்தில் கேட்டான். வினோதா சிங்களமும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். தான் முதலில் சமமாகப் பிரித்து எல்லாவற்றையும் கெடுத்ததையும் விடாமல் சொன்னாள். மஃறூப் கதவில் சாய்ந்து நின்றார். அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் இந்தப் பேச்சு எந்தப் பாஷையிலும் விளங்காது என்ற முகத்தோடு நின்றார்.

"வரிகளைக் காட்ட முடியுமா?" என்றான் திலங்க.

அவள் காட்டினாள். அவன் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு வாசித்தான். பல்கலைக்கழகத்தை விட்டு வந்தபின் அவள் எழுதியதை ஒருவர் வரிவரியாக வாசிப்பது இதுதான் முதல் தடவை.

"மேக ஹரி" என்றான். இது சரி. பிறகு இன்னும் கீழே போனான். "ஹெபை, தவ தெனக் தியெனவா." ஆனால் இன்னோர் இடம் இருக்கிறது. பெரிய பாக்கெட்டுகள் வேறொரு வழியால் உள்ளே வருகின்றன. அங்கேயும் அதே முத்திரை, குறியைப் பார்க்காமல். உங்களிடம் இப்போது அந்த வழி மூடியிருக்கிறது, அதனால் தெரியவில்லை. திறக்கிற நாளில் மறுபடி விழும்.

வினோதா குனிந்து பார்த்தாள். இருந்தது. வெள்ளிக்கிழமை சத்தமாக வாசித்தபோது, இந்த வழி இங்கே ஓடுவதில்லை என்று அவள் தாண்டிப்போன பக்கம் அது. முகம் சூடாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து அங்கேயும் நிபந்தனையைச் சேர்த்தாள். பிறகு, பாக்கெட் துண்டுபட்டு வந்தால் முழு விலாசம் முதல் துண்டில் மட்டும்தானே இருக்கும், அப்போது என்ன செய்வீர்கள் என்று அவனைக் கேட்டாள். அவன் யோசித்தான். இருவரும் அதைப் பற்றித் தேத்தண்ணீர் ஆறும்வரை பேசினார்கள். மஃறூப் இரண்டு முறை இறங்கிப் போய்விட்டு வந்தார்.

கிளம்பும்போது திலங்க மஃறூபிடம் தன் கம்பெனிக்கு என்ன சொல்வது என்று கேட்டான்.

"தென் விகுணன்னே நே, மாத்தயா" என்றார் மஃறூப். இப்போதைக்கு விற்கவில்லை. திலங்க வினோதாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படியிறங்கினான்.

மஃறூப் அவன் உட்கார்ந்திருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்க இனி இங்கதானே புள்ள? பயம் தீந்திச்சா?"

"இருக்கேன் நானா. ஆனா ஒண்ணு வேணும்."

"கார்ட்தானே? எடுப்போம், எடுப்போம். பெருநாளுக்குப் பொறகு."

"கார்ட் இல்ல. இன்னொரு ஆள் வேணும்."

"வேல கூடவா?"

"வேல கூடன்னு இல்ல. நான் எழுதுறத வாசிக்கிறதுக்கு. இப்ப பாத்தீங்கதானே, வந்து உக்காந்ததும் ஒரு பிழய எடுத்துட்டாரு. நான் தனியா இருந்தா அது அப்பிடியே கெடந்திருக்கும்."

மஃறூப் நெற்றியைச் சுருக்கினார். "அதாவது, ஒங்களப் பிழ பிடிக்க நான் ஒரு ஆளத் தேடணும்."

"ஆமா."

"அதுக்கு ஏன் புள்ள வெளியால ஆள்?" என்று கீழேயிருந்து ரஸீனாவின் குரல் வந்தது. "நம்மட அம்மாக்கண்ணுவ எடுங்களே!"

கிஷாந்த் சிரித்ததில் சுற்றிக்கொண்டிருந்த வயர் அவிழ்ந்தது. வினோதாவும் சிரித்தாள். ஆனால் மஃறூபின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஹட்டன்ல ஒரு புள்ள ஈக்கு" என்றார் கடைசியில். "ஃபாஸிலுட மகள், மின்ஹா. ஒங்கட மாதிரிப் படிச்சது. வேல தேடிட்டு ஈக்கிறா. ஆனா வாய் கூட."

"அது நல்லது நானா" என்றாள் வினோதா. "நாளைக்கே வரச் சொல்லுங்க."